இல்லத்துள் ஒரு சிறு கடல்

முருகைக்கல் என்னுஞ் சொல்லைக் கேட்டவுடன் நம்மவருட் பலர்க்கு நெடுந்தீவின் மதில்களே நினைவுக்கு வரும். சாந்து பூசாது ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கி வைக்கப்பட்ட அக்கற்களில், வெயிலும் உப்புக்காற்றும் அரித்த சிறு சிறு துளைகளைச் சிறுவயதில் விரலால் தடவிப் பார்த்தவர்கள் இம்மலரைப் படிப்போருள்ளும் இருப்பர். தாம்பூலந் தரிக்கும் பெரியோர்க்கோ சுண்ணாம்பு நினைவுக்கு வரலாம். எவ்வாறாயினும் அதனைக் கல்லென்றே நாம் கருதி வந்தோம். அக்கல் ஒருகாலத்தில் உயிர்கள் கட்டிய வீடு என்பதையும், அவ்வுயிர்களையும் அவற்றிடையே உலவும் மீன்களையும் கண்ணாடித் தொட்டியொன்றில் வைத்து இல்லத்திலேயே வளர்ப்பார் உலகெங்கும் உளர் என்பதையும் யாம் அறிந்தது நாற்பதை அணுகிய பின்னரே. மலர்க் குழுவினர் எம்மிடம் வேண்டியது இலக்கியக் கட்டுரை. அதனை எழுதுவதற்கு எம்மினும் வல்லார் பலர் நம் கல்லூரியில் உளராதலின், வெள்ளவத்தையில் எமது இல்லத்தின் முன்னறையில் 2015ஆம் ஆண்டு மார்கழி தொடக்கம் இருந்துவரும் தொட்டியைப் பற்றியே எழுதத் துணிந்தோம்.

ஆயினும் தமிழாசிரியர் என்ற முறையில் சொற்களை முதலில் தெளிவுபடுத்தாமல் அப்பாற் செல்ல மனம் இசையவில்லை. பவளம் வேறு, முருகை வேறு. இலக்கியங்கள் துகிர் என்றும் பவளம் என்றும் போற்றுவது அணிகலனுக்குரிய செந்நிறப் பவளம். காவிரிப்பூம்பட்டினத்து மறுகிற் குவிந்த பண்டங்களுள் துகிரையும் பட்டினப்பாலை எண்ணும். பழங்காலந்தொட்டே மத்தியதரைக் கடலிலிருந்து இந்தியாவுக்கு வந்த செம்பவளம் ஒளி குறைந்த ஆழத்திலும் பாறைக் குகைகளிலும் வளர்வது. முருகையோ ஆழங்குறைந்த, தெளிந்த, வெதுவெதுப்பான நீரில் ஞாயிற்றின் ஒளியை நாடி வளர்வது. இவை இரண்டும் தூரத்து உறவினரேயன்றி ஒரு குடும்பத்தவர் அல்லர். இந்நாளில் எழுதுவோர் பலர் இரண்டையும் பவளப்பாறை என ஒரே பெயரால் வழங்குகின்றனர். எம்மைப் பொறுத்தவரை முருகை என்ற நமது சொல்லே போதுமானது. மன்னார்க் கடலிற் சென்று வருவோர் கடலடித் திட்டினைப் பார் என்பர். முத்துப்பார் என்பதும் அவ்வழி வந்ததே.

இனி முருகை யாதென்று காண்பாம். கடற்சாமந்தி எனப்படும் உயிரைக் கரையோரப் பாறைகளிற் சிலர் கண்டிருக்கலாம்: பூவைப்போல் விரல்களை விரித்து, தொட்டவுடன் சுருங்கிக்கொள்ளும் மெல்லுயிர் அது. அதன் உறவான ஓர் உயிரைக் கடுகளவுக்கோ மிளகளவுக்கோ சுருக்கி, அத்தகைய ஆயிரம் உயிர்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்தால் அது முருகை. ஒவ்வோருயிரும் கடல்நீரிற் கரைந்துள்ள சுண்ணாம்பை எடுத்துத் தனக்கெனக் கல்லால் ஒரு கிண்ணம் சமைத்து அதனுள் அமர்கின்றது. தலைமுறை தலைமுறையாய் இவ்வாறு சமைத்த கிண்ணங்களின் திரளே பாறையாகின்றது. முருகைப் பூச்சி என்று நம்மவர் கூறுவது பெயரளவேயாம். அது பூச்சி அன்று.

இவ்வுயிரின் உடலுக்குள்ளே வேறோர் உயிர் குடியிருக்கின்றது என்பதுதான் வியப்பு. கண்ணுக்குப் புலனாகாத ஒருவகை அல்கா முருகையின் தசைக்குள் வாழ்ந்து, பகலொளியில் உணவு சமைத்து, அதிற் பெரும்பங்கை வீட்டுக்காரனுக்குக் கொடுக்கின்றது. ஒளி நன்கு கிடைக்குமிடத்து முருகைக்கு வேண்டிய சத்தியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குவரை இவ்வாறு குடியிருப்போன் கொடுக்கும் வாடகையாலேயே கிடைக்கின்றதென்பர். பதிலுக்கு வீட்டுக்காரன் கொடுப்பது உறைவிடமும், தன் கழிவிலிருந்து உரமும். முருகையின் பழுப்பு நிறம் பெரும்பாலும் இக்குடியிருப்போனுடையது. இதனை வாசகர் மனத்திற் கொள்ளல் வேண்டும். பின்னர் எமது இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றை விளக்க இஃது உதவும்.

கடல் மீன்களைத் தொட்டியில் வளர்த்தல் ஐரோப்பாவிற் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தொடங்கிற்றெனினும், முருகையை உயிருடன் காப்பது நெடுங்காலம் கைகூடவில்லை. வழிகாட்டியவர் நம்மைப் போன்றே வெப்பநாட்டுக் கரையோர நகரொன்றில் வாழ்ந்தவர். ஜகார்த்தாவில் இருந்த லீ சின் எங் என்பார் 1961ஆம் ஆண்டில் தமது முறையை அமெரிக்கச் சஞ்சிகையொன்றில் வெளியிட்டார். அவர் செய்தது மிக எளிது. தூய கடல்நீர், உயிர்கள் படிந்த பாறைத் துண்டுகள், ஞாயிற்றொளி, மெல்லிய காற்றுக் குமிழிகள், இவ்வளவே. வடிகட்டும் பொறிகளை நம்பியிருந்த மேல்நாட்டார்க்கு இது நகைப்பாய்த் தோன்றியிருக்கக்கூடும். பின்னர் ஜேர்மனியர் இதனோடு நுரைபிரிக்கும் கருவியையும் வலிய விளக்குகளையும் சேர்த்து ஒழுங்குபடுத்தியபோது, கடலையே காணாத ஊர்களிலும் முருகை வளரலாயிற்று.

நமது நாட்டுக்கும் இக்கதையில் ஓரிடம் உண்டு. 1956ஆம் ஆண்டில் இலங்கையைத் தம் இருப்பிடமாக்கிக்கொண்ட ஆதர் சி. கிளார்க் என்னும் எழுத்தாளர், மைக் வில்சன் என்பாருடன் நமது கரையோரப் பார்களில் மூழ்கி ஆராய்ந்து 1957இல் நூலொன்று வெளியிட்டார். அவர்களுக்குத் துணைநின்றவர் நமது நாட்டவரான றொட்னி ஜொங்கிளாஸ். கடல் மீன்களை உயிருடன் பிடித்துப் பேணும் கலையில் முன்னோடியாய் விளங்கிய இவர், அதனைப் பற்றி 1975இல் ஆங்கிலத்தில் நூலொன்றும் எழுதினார். சைவ அன்பர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்றும் இதனுள் அடங்கியுள்ளது. திருக்கோணமலையில் சுவாமிமலையின் அடியிற் கடலுள் வீழ்ந்துகிடந்த கோணேசர் கோயிற் றூண்களைக் கண்டு உலகுக்கு உரைத்தவர்களும் மீனையும் முருகையையும் தேடி மூழ்கிய இவர்களே.

இன்றும் வண்ண மீன் பிடிப்போர் காற்றறிந்து இடம் மாறுகின்றனர். சோளகம் வீசும் மாதங்களில் மேற்குக் கடலும் தெற்குக் கடலும் கொந்தளித்து நீர் கலங்குமாதலின், அவர்கள் திருக்கோணமலை, மட்டக்களப்புப் பக்கம் செல்வர். காற்று மாறியபின் மீள்வர். கொழும்பிலிருந்து இம்மீன்கள் வானூர்தியிற் பிறநாடுகளுக்குச் செல்கின்றன. ஒரு பங்கு நமது கடைகளுக்கும் வருகின்றது.

எமக்கு இதில் ஆசையை மூட்டியவர் கொட்டாஞ்சேனையில் வாழும் நண்பர். இரசாயனவியல் கற்பிப்பவர். அவருடைய பழைய வீட்டின் தடித்த சுவர்களுக்கிடையே ஒரு தொட்டியைக் கண்ட நாளே எமது இல்லத்தாரும் பிள்ளைகளும் எம்மை விடாது நெருக்கலாயினர். ஆசிரிய கலாசாலையில் யாம் பயின்றது தமிழ். விஞ்ஞானத்தில் எமக்கு அறிவு சொற்பம். ஆகவே தவறுகள் அனைத்தையும் முறையாகச் செய்து முடித்தே கற்றோம்.

தொட்டி நான்கடி நீளம், ஒன்றரையடி அகலம், ஒன்றரையடி உயரம். இதன் கொள்ளளவு ஏறத்தாழ 255 லீற்றர். கடல்நீரும் கண்ணாடியும் கல்லும் தாங்கியுமாகச் சேர்ந்து 350 கிலோவுக்குக் குறையாது. ஐந்து பேர் இரவும் பகலும் ஓரிடத்தை விட்டு நகராமல் நிற்பதற்கு இது சமம். தொடர்மாடி வீடுகளில் வாழ்வோர் தளத்தின் நடுவில் வையாது, தாங்குசுவர் ஓரமாக வைப்பதே நன்று. சிறிய தொட்டியிலிருந்து தொடங்குவதே எளிது என்று எண்ணுவோர் பலர். உண்மை நேர்மாறானது. நீர் குறைந்தால் சூடும் உப்பும் அழுக்கும் விரைவில் மாறும். பெருநீர் மெல்ல மாறும், பிழையையும் சற்றே பொறுக்கும்.

அடுத்தது நீர். எமது வீட்டு மாடத்திலிருந்து பார்த்தால் புகையிரதப் பாதைக்கப்பால் கடல் தெரியும். அதனை வாளியில் முகந்தால் ஆகாதோ என்று எமது மூத்த மகன் கேட்டான். யாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். கொட்டாஞ்சேனை நண்பர் நகைத்தார். "மாஸ்ரர், வெள்ளவத்தைக் கால்வாய் எங்கே விழுகிறதென்று பார்த்தீர்களா?" என்றார். நகரத்துக் கழிவையெல்லாம் சுமந்துவரும் கால்வாய் கலக்குமிடத்தில் முகந்த நீர் கடல்நீர் ஆகாது. மழைக்காலத்தில் உப்பின் செறிவும் அங்கே நிலைப்பதில்லை. 2021ஆம் ஆண்டு வைகாசியிற் கொழும்புக்கு அப்பாற் கப்பலொன்று தீப்பற்றி, அதிலிருந்த பிளாத்திக்குக் குறுமணிகள் நமது மேற்குக் கரையெங்கும் ஒதுங்கியதையும் கண்டோம். கண்முன் கடலிருக்க, கடலைப் பொதியில் விலைக்கு வாங்கிக் கரைக்கும் நிலை நமது.

அப்படியாயின் ஆனையிறவு உப்பைக் கரைத்தால் என்ன? இவ்வினாவை எம்மிடம் கேளாத யாழ்ப்பாணத்தவர் இலர். கடல்நீரிலிருந்து வந்ததுதானே, நீரை மீளச் சேர்த்தால் கடலாகாதோ என்பது அவர்கள் நியாயம். கேட்பதற்குச் சரியாகவே தோன்றும். ஆனால் உப்பளத்தில் நிகழ்வதைக் கூர்ந்து நோக்கல் வேண்டும். பாத்தியில் நீர் வற்றும்போது முதலிற் படிவது சுண்ணாம்பு; பின்னர்ப் படிவது கல்சியம் சேர்ந்த வேறோர் உப்பு. அதன்பின்னரே நாம் உண்ணும் உப்பு படிகின்றது. அதை வாரியபின் எஞ்சி நிற்கும் கசப்பு நீரை வெளியேற்றி விடுவர். மகனீசியம் முதலியன அதனோடு போய்விடுகின்றன. ஆகவே நமது கைக்கு வருவது கடலின் ஒரு பகுதியே. கறிக்கு அது போதும். ஓட்டுக்கும் எலும்புக்கும் கல்சியம் தேடும் உயிர்களுக்குப் போதாது. தொட்டிக்கெனச் செய்த உப்பில் இவையனைத்தும் அளவாய்ச் சேர்க்கப்பட்டுள்ளன. லீற்றருக்கு 35 கிராம் வீதம் எமது தொட்டிக்கு ஒன்பது கிலோ செல்லும். கரைக்கும் நீரிலும் கவனம் வேண்டும். குழாய்நீரிற் கலந்துள்ள குளோரீன் நுண்ணுயிர்களைக் கொல்வதற்கெனவே சேர்க்கப்படுவதாதலின், அதனை நீக்காது தொட்டியிற் சேர்த்தல் ஆகாது.

நீர் தெளிந்தது, மானியும் சரியான அளவைக் காட்டிற்று. மூன்றாம் நாளே ஐந்து மீன்களை வாங்கி விட்டோம். பிள்ளைகள் பெயரிட்டனர். ஒன்பது நாட்களுள் ஐந்தும் இறந்தன. கடைசி மீன் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடியதை எமது இளைய மகள் பள்ளிக்குச் செல்லாமல் அருகிருந்து பார்த்தாள். நீர் பளிங்குபோல் இருந்தது; அதில் நஞ்சிருக்கும் என்று யார் கருதுவர்?

மீனின் செவுளிலிருந்தும் கழிவிலிருந்தும் அமோனியா சேர்கின்றது. கடலில் அது கரைந்து மறையும். தொட்டியில் மறைவதற்கு இடமில்லை. இதனை உண்ணும் ஒருவகைப் பற்றீரியா உண்டு. அது அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றும். அதுவும் நஞ்சே. மற்றொருவகைப் பற்றீரியா நைத்திரைற்றை நைத்திரேற்றாக மாற்றும். இது அளவுக்கு மிஞ்சாதவரை தீங்கு குறைந்தது. இவ்விரு குடிகளும் கல்லின் துளைகளிலும் மணலிலும் தாமாகவே குடியேறிப் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். அதற்குமுன் மீனை விடுவது, உலையில் நீர் கொதிக்குமுன் அரிசியைப் போட்டு ஊரை விருந்துக்கு அழைப்பது போன்றது. அன்று முதல் எமது கருத்து மாறிற்று. நாம் வளர்ப்பது மீனையன்று, நீரை. நீர் பிழைத்தால் மீன் தானே பிழைக்கும்.

இரண்டாம் முறை கருங்கல்லும் உடைந்த ஓடும் சுடுமண் சட்டித் துண்டுகளும் அடுக்கி, நண்பரின் தொட்டியிலிருந்து ஒரு பழைய பஞ்சுத் துண்டை விதையாய்ப் பெற்று, மீனே இல்லாத தொட்டியை நாற்பது நாட்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். அயலவர் சிரித்தனர். நாற்பத்தோராம் நாள் ஒரு மீன். மூன்று வாரங்கள் கழித்து மற்றொன்று.

நாளாந்தப் பணிகளிற் சொல்லத்தக்கது ஒன்றுண்டு. வெப்பத்தால் நீர் வற்றும், உப்பு வற்றாது. குறைந்த நீருக்கு ஈடாகக் கடல்நீரை ஊற்றினால் நாளுக்கு நாள் உப்பு ஏறும். நன்னீரையே ஊற்றல் வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை பத்திலொரு பங்கு, எமது தொட்டியில் 25 லீற்றர், பழைய நீரை அகற்றிப் புதுக் கடல்நீர் சேர்த்தல் வேண்டும். நைத்திரேற்றுக் குறைவதற்கு அதுவே எளிய வழி. நுரைபிரிக்கும் கருவியின் தத்துவமோ அடுக்களையிற் கண்டதுதான். சர்க்கரைப் பாகு காய்ச்சும்போது அழுக்கு நுரையாய் மேலெழ, அதனை அகப்பையால் எடுத்தெறிகிறோமன்றோ? குழாயொன்றில் மெல்லிய காற்றுக் குமிழிகளை விட்டு நீரின் அழுக்கை நுரையாக்கி வெளியே வழியச் செய்வதே அக்கருவி.

இனிக் கூறப்போவது எமக்குப் பெருமை தருவதன்று. 2016ஆம் ஆண்டு பங்குனியில், தென்கரைக்குச் சென்று வந்த அறிமுகமானவர் ஒருவர் உயிருள்ள முருகைக் கிளையொன்றை ஈரச் சாக்கிற் சுற்றி எமக்குக் கொண்டுவந்தார். கைவிரல்கள் விரிந்தாற்போல் ஐந்து கிளைகள்; பழுப்பு நிறம், நுனியில் இளநீலம். மறுக்க மனம் வரவில்லை. மீனுக்கிடையே அதனை வைத்த இரவு வீட்டில் ஒருவரும் நேரத்துக்கு உறங்கவில்லை. விளக்கணைந்த பின்னர் அதன் சிறு விரல்கள் வெளிவந்து அசைந்ததைக் கைவிளக்கின் ஒளியிற் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சித்திரை பிறந்தது. கொழும்பில் அம்மாதத்து வெப்பம் நாமறிந்ததே. விளக்கின் சூடும் பம்பியின் சூடும் சேரத் தொட்டியின் வெப்பமானி 31 பாகைக்கு மேலேறிற்று. முருகையின் நிறம் நாளுக்குநாள் வெளிறிற்று. ஒளி போதவில்லையென்று எண்ணி விளக்கை இன்னுங் கூட்டினோம்; கெடுதியையே கூட்டினோம். மூன்றாம் வாரத்தில் அது பால்போல் வெண்மையாயிற்று. வெண்மை அழகாயிருப்பதாக வந்தவர் ஒருவர் கூறினார். நண்பர் வந்து பார்த்து, "இது இன்னும் சாகவில்லை மாஸ்ரர், பட்டினி கிடக்கிறது" என்றார்.

நிகழ்ந்தது இதுவே. வெப்பம் வழக்கமான உச்சத்துக்கு மேல் ஒரு பாகை ஏறிச் சில வாரங்கள் நின்றாலே, முருகையினுள் வாழும் அல்காவின் உணவு சமைக்கும் தொழில் நிலைகுலைந்து, உணவுக்குப் பதிலாகத் தீங்கான ஒட்சிசன் வகைகளை அது வெளியிடத் தொடங்கும். நஞ்சு தாளாத வீட்டுக்காரன் குடியிருப்போனை வெளியேற்றி விடுகின்றான். அவன் போனதும் நிறமும் போகின்றது. கண்ணாடி போன்ற தசையினூடே வெண்ணிறக் கல் தெரிகின்றது. உயிர் இன்னும் இருக்கும். வெப்பம் தணிந்தால் அல்கா மீண்டு வந்து குடியேறவுங் கூடும். தணியாவிடின் வாடகை இன்றி வீட்டுக்காரன் பட்டினியால் இறப்பான். ஒளியைக் கூட்டினால் அவ்வழிவு விரைவுபடும். எம்முடையது சித்திரை முடியுமுன் இறந்தது. துர்நாற்றத்தோடு தசை கழன்று விழ, நெடுந்தீவு மதிலிற் கண்ட அதே கல் எஞ்சிற்று.

எமது முன்னறையில் நடந்தது அதே வேனிலில் நமது கடலிலும் நடந்துகொண்டிருந்தது என்பதைப் பின்னரே அறிந்தோம். 1998ஆம் ஆண்டில் எல் நினோ என்னும் கடல் வெப்பப் பெருக்கால் ஹிக்கடுவையிலும் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பார்களிலும் ஆழங்குறைந்த இடத்து முருகையிற் பெரும்பகுதி வெளிறி மாண்டது. திருக்கோணமலைப் பக்கம் அவ்வாண்டிற் பெரிதும் தப்பிற்று. கற்பிட்டிப் பார் மெல்லத் தளிர்த்து வந்த வேளையில் 2016இல் மீண்டும் வெப்பம் தாக்கிற்று. 2024இல் உலகப் பெருங்கடல்கள் பலவற்றிலும் இவ்வெளிறல் நிகழ்வதாக அறிஞர் அறிவித்தனர். கடலுக்கு மின்விசிறி வைப்பார் இலர்.

சட்டமும் உண்டு. நமது நாட்டில் விலங்கு தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் கல்முருகை இனங்களைப் பாதுகாக்கப்பட்டவையாகக் கொள்கின்றது. அவற்றை உடைத்தெடுத்தலும் வைத்திருத்தலும் விற்றலும் குற்றம். கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்தலும் தடைசெய்யப்பட்டதே. ஹிக்கடுவை, பேராலிய பகுதியிற் கல் அகழப்பட்ட இடங்களில் 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை உள்நாட்டுக்குள் நெடுந்தூரம் புகுந்ததென ஆராய்ந்தோர் எழுதியுள்ளனர். ஆசிரியராயிருந்தும் இச்சட்டத்தை அறியாதிருந்தோம். அறியாமை மன்னிப்புக்குரியதன்று என்பதையும் மாணவர்க்குப் போதிப்பவர் நாமே. அவ்வெண்கல் இன்று எமது வகுப்பறை மேசையில் இருக்கின்றது. அதன் கதையை ஒவ்வோராண்டும் ஒளிக்காமற் கூறுகின்றோம்.

கனடாவிலும் இங்கிலாந்திலும் வாழும் பழைய மாணவர்க்கு நிலைமை வேறு. அங்கே தொட்டியிலேயே வளர்ந்த முருகையிற் சிறு துண்டு நறுக்கி, கல்லிலே ஒட்டி, முருங்கைத் தடி நட்டு மரமாக்குவதுபோல் வளர்த்து விற்கின்றனர். கடலில் எதையும் உடைக்க வேண்டியதில்லை. ரொறன்ரோவில் வாழும் எமது வகுப்புத் தோழர் ஒருவர் தம் தொட்டியின் படங்களை அனுப்புவதுண்டு. வெளியே பனி கொட்ட உள்ளே முருகை வளர்கின்றது. அவர்க்குக் கவலை நீரைச் சூடாக்குவது. எமக்குக் கவலை குளிர்விப்பது. அவருடைய தொட்டியிற் கல்சியமும் காரத்தன்மையும் வாரந்தோறும் அளந்து குறைநிரப்பப்படுகின்றன. முருகை கல் கட்டக் கட்ட நீரிலுள்ள சுண்ணாம்பு தீர்ந்துபோகுமன்றோ? வீடு கட்டுவோர்க்குச் சீமெந்து கொடுப்பது போன்ற வேலை அது. பொறாமை எமக்கு இல்லையென்று கூறமாட்டோம்.

முருகை இல்லாத தொட்டியில் எம்மீன்களை வைக்கலாம்? வண்ணாத்திப்பூச்சி மீன்கள் என்பன கடைகளிற் கண்ணைப் பறிக்கும். அவற்றுட் சில முருகையின் உயிர்த்தசையைத் தவிர வேறெதனையும் உண்ணா. எவ்வளவு உணவிட்டாலும் தொட்டியில் மெலிந்து மெலிந்து இறக்கும். அவற்றை வாங்காதிருத்தலே வாங்குவோர் செய்யத்தக்க உதவி. கேட்பார் இல்லாவிடிற் பிடிப்பாரும் இலர். பிள்ளைகள் 2003ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் பின் நெமோ என்றழைக்கும் கோமாளி மீன் அவ்வாறன்று. கொடுத்ததை உண்ணும், கடற்சாமந்தி இல்லாமலும் வாழும். படத்திற் கண்ட இனம் நமது கடலுக்குரியதன்று. நமது கடலில் வேறு கோமாளி இனங்கள் உள. தொட்டியிற் பிறந்து வளர்ந்த குஞ்சுகளும் கிடைக்கின்றன. மன்னார்க் குடாவின் மறுகரையில், மண்டபத்து மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் இவற்றைக் குஞ்சு பொரிக்க வைக்கும் முறையை நன்கு வகுத்துள்ளனர். கடலிற் பிடிக்காத மீன் என்பதால் மனத்துக்கும் அமைதி.

இம்மீனின் குடும்ப வாழ்க்கை இலக்கணத்தாரையும் திகைக்க வைக்கும். எல்லாம் ஆணாகவே தொடங்கும். கூட்டத்திற் பெரியது பெண்ணாகும். அப்பெண் இறந்தால் அதன் கணவனே பெண்ணாகி, அடுத்த நிலையிலுள்ளது கணவனாகும். பால் வகுப்பைக் கற்பிக்கும்போது இவ்வெடுத்துக்காட்டைக் கூறி யாம் வகுப்பில் ஒழுங்கை இழந்ததுண்டு.

முருகை இறந்தபின் தொட்டியின் மூடியை அகற்றி, நீர்ப்பரப்பின்மேல் சிறு மின்விசிறி ஒன்றை ஓடவிட்டோம். ஆவியாதலாலே வெப்பம் இரண்டு பாகை தணிந்தது. நாளொன்றுக்கு மூன்று லீற்றர் நன்னீர் மேலதிகமாய் ஊற்ற வேண்டியதாயிற்று. அதுவும் மின்சாரம் இருக்கும்வரைதான். 2022ஆம் ஆண்டு பங்குனி இறுதியில் நாடெங்கும் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்வெட்டு நிகழ்ந்ததை எவர் மறப்பர்? எரிவாயுவுக்கும் பாலுக்கும் வரிசையில் நின்ற காலத்தில் மீனைப் பற்றிக் கவலைப்படுதல் பேதைமையெனச் சிலர் எண்ணலாம். எமக்கும் அவ்வெண்ணம் வந்தது. பம்பி நின்றால் நீரில் ஒட்சிசன் குறையும். கல்லில் வாழும் பற்றீரியாவும் மூச்சுத் திணறும். மின்கலத்தில் இயங்கும் காற்றுப் பம்பி அப்போது கடைகளில் இல்லை. செம்பால் நீரை முகந்து ஓரடி உயரத்திலிருந்து மெல்ல ஊற்றுவதே செய்யக்கூடியதாயிருந்தது. ஒரு முறைக்கு இருபது செம்பு. கால் மணிக்கு ஒரு முறை. மெழுகுதிரி வெளிச்சத்தில் இல்லத்தார், மகன், மகள், யாம் என முறை வைத்து ஊற்றினோம். முன்னர் ஐந்து மீன்களை இழந்தழுத இளைய மகள் தன் முறையை ஒருநாளும் தவறவில்லை. அக்காலத்திற் பரீட்சைக்குப் படித்தவள் அவள். செம்பின் ஒலியை எண்ணிக்கொண்டே மனனஞ் செய்தாள். இரண்டு கோமாளி மீன்களும் பிழைத்தன. மற்றொன்று பிழைக்கவில்லை.

அவ்விரண்டும் சென்ற தையில் முட்டையிட்டன. கவிழ்த்து வைத்த சுடுமண் சட்டியின் பக்கத்தைப் பல நாட்கள் வாயால் உரசித் தூய்மை செய்தபின், செம்மஞ்சள் நிறத்தில் முந்நூறு முட்டைகள்வரை ஒட்டியிருந்தன. ஆண் மீன் செட்டையால் விசிறிக்கொண்டு காவல் நின்றது. கையை நீட்டிய எம்மைக் கடிக்கவும் வந்தது. எட்டாம் நாள் இரவு குஞ்சுகள் வெளிவந்தன. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அவற்றுக்கு ஊட்ட அதனினும் சிறிய உயிருணவு வேண்டும். அஃது எம்மிடம் இருக்கவில்லை. நான்காம் நாள் ஒன்றும் எஞ்சவில்லை. கொட்டாஞ்சேனை நண்பர் இப்போது தம் மாடத்தில் வெயில் படுமிடத்தில் ஐந்து போத்தல்களிற் பச்சை நீர் வளர்த்து, அதில் அந்நுண்ணுயிர்களைப் பெருக்கிக்கொண்டிருக்கின்றார். மீன்கள் மறுபடியும் சட்டியை உரசத் தொடங்கியுள்ளன.